பலமநேரிலிருந்து சித்தூர் வரை ஹீட்டர் இல்லாமல்

அக்காவுக்குப் பெருங்குடலில் கட்டி என்று தெரியவந்தபோது, நான் அந்த எலக்ட்ரிக் காரை வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. புது வண்டி அல்ல. வேறொருவர் மூன்று வருடம் ஓட்டியது. நான் திருப்பதியில் குடியிருக்கிறேன். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் வேலை. தினமும் போய்வர பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மாறி மாறி ஏறிச் சலித்துப்போய்த்தான் அந்த வண்டியை வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து அதைப் பற்றி யார் கேட்டாலும் பத்து நிமிடம் பேசாமல் விடமாட்டேன்.

அக்கா என்னைவிட ஐந்து வயது பெரியவள். நாங்கள் புத்தூர் பக்கத்து ஆட்கள். அவளைக் கொடுத்தது பலமநேரில். சித்தூரைத் தாண்டி மொகிலி மலைப்பாதையில் ஏறினால் வரும் ஊர் அது. கீழே வெந்துகொண்டிருக்கும்போது அங்கே விசிறி கூடப் போடாமல் தூங்கலாம். அங்கே அங்கன்வாடியில் டீச்சராக இருந்தாள். பகலெல்லாம் பிள்ளைகளிடம் தெலுங்கில் பேசிவிட்டு, என்னிடம் போனில் பேசும்போது மட்டும் தமிழுக்கு வருவாள். பத்தாவது முடித்ததும் நைனா என்னைப் பவர்லூம் ஷெட்டுக்கு அனுப்பப் பார்த்தபோது, "அவன் ஐடிஐ போவட்டும். கரண்ட் வேல கத்துகினா எங்க போனாலும் பொழச்சுப்பான்" என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான்.

அறுவை சிகிச்சை திருப்பதியில் நடந்தது. அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்ற வேண்டும், மொத்தம் எட்டு முறை என்றார்கள். அக்கா வீட்டுக்காரர், மாமாவிடம் பைக் மட்டும்தான் உண்டு. பஸ்ஸில் அந்த உடம்போடு வரமுடியாது. நானே கூட்டிவந்து கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னேன். எங்கள் வீட்டிலிருந்து பலமநேர் நூற்றுப்பத்து கிலோமீட்டர். வண்டி ஒருமுறை சார்ஜ் போட்டால் நூற்றுத்தொண்ணூறு ஓடும். முதல் நாளே மேலே போய் அவர்கள் வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு, காலையில் அவளை ஏற்றிக்கொண்டு இறங்கிவிடலாம். கணக்கு சரியாகவே இருந்தது.

ஏற்றுகிற மருந்துகளில் ஒன்றுக்கு ஒரு குணம் உண்டென்று ஆஸ்பத்திரி நர்ஸ் முதல் நாளே சொல்லிவிட்டாள். குளிர்ந்தது எதுவும் படக்கூடாது. தண்ணீர்கூட வெந்நீராகத்தான் குடிக்க வேண்டும். ஃபிரிஜ்ஜைத் திறக்கக் கூடாது. குளிர்காற்று முகத்தில் அடிக்கக் கூடாது. பட்டால் விரலிலும் தொண்டையிலும் சுருக்கென்று குத்தும், மூச்சு அடைக்கிற மாதிரி இருக்கும். மருந்து ஏற்றி நான்கைந்து நாள் இது கடுமையாக இருக்கும் என்றாள்.

அக்கா அதை நம்பவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் எவர்சில்வர் சொம்பைத் தூக்கியவள் கையை உதறிக் கீழே போட்டுவிட்டாள்.

"இன்னாக்கா ஆச்சு?"

"கரண்ட் அடிக்குதுடா. நெஜமாவே கரண்ட். நீதான் கரண்ட் வேல செய்ற, எனுக்கு அடிக்குது" என்று சிரித்தாள்.

திருப்பதியில் இருந்தவரை நான் ஹீட்டர் பட்டனைத் தொட்டதே இல்லை. முதன்முதலில் அவளுக்காகத்தான் போட்டேன். தூசி கருகும் வாசனை வந்தது. கார்த்திகையில் பலமநேரில் விடியற்காலைகள் பனியோடு இருந்தன. கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். ராத்திரி முழுக்க சார்ஜில் நின்ற வண்டி நூற்றுத்தொண்ணூறுக்குப் பதிலாக நூற்றைம்பது காட்டும். ஹீட்டரைப் போட்டதும் நூற்றிருபத்தைந்துக்கு இறங்கிவிடும். இரண்டாவது தடவை போகும்போது மொகிலி இறக்கத்தில் எனக்கு வியர்த்தே விட்டது. இந்த வண்டிகளில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானே இழுத்துப் பிடிக்கும். அந்த வேகம் கரண்டாக மாறி பேட்டரிக்குத் திரும்பும். அன்று பெடலிலிருந்து காலைத் தூக்கியும் வண்டி பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போனது. பிரேக்கை மிதித்து ஓரம் கட்டிவிட்டு, வண்டி பார்க்கும் திருப்பதி மெக்கானிக்குக்கு போன் செய்தேன்.

"ஃபுல் சார்ஜ், அதுலயும் பேட்டரி சில்லுனு இருக்குது சார். குளுந்த பேட்டரி கரண்ட திரும்ப வாங்கிக்காது. ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டுங்க, சூடானா சரியாப் பூடும்" என்றார்.

அக்கா பின் சீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப உன் வண்டிக்கும் எனுக்கும் ஒரே வியாதி" என்றாள். மாமா முன் சீட்டில் சிரித்தார். அந்த முதல் மூன்று தடவைகளும் நாங்கள் சிரித்துக்கொண்டுதான் போய்வந்தோம். அப்போதிலிருந்து எனக்கு ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டது. வண்டியில் எது கோளாறு என்றாலும் குளிர்தான் காரணம்.

நான்காவது தடவை ஜனவரி மாதம். வெள்ளிக்கிழமை மருந்து ஏற்றினார்கள். திருப்பதியில் வண்டிக்கும் சார்ஜ் போட்டுக்கொண்டு மதியத்துக்கு மேல் கிளம்பினோம். வழியெல்லாம் ஹீட்டர், மலை ஏற்றம் வேறு. பலமநேர் வந்து சேர்ந்தபோது ஆறில் ஒரு பங்குதான் மிச்சம். வழக்கம்போல மாமா வீட்டு வராந்தா பிளக்கில் சார்ஜரைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. சனி ஞாயிறு எனக்கு லீவு, அங்கேயே தங்கிவிடலாம் என்று போய்ப் படுத்தேன்.

சனிக்கிழமை காலையில் பார்த்தால் சார்ஜரில் சிவப்பு விளக்கு. பேட்டரி இரண்டு மூன்று சதவிகிதம்தான் ஏறியிருந்தது. பிடுங்கிச் செருகினேன், பச்சை வந்தது. அரை மணி நேரம் கழித்து மறுபடியும் சிவப்பு. நான் இருபத்தைந்து வருடமாக கரண்ட் வேலை பார்க்கிறவன். தொழிற்சாலையில் ஒரு மெஷின் இப்படி நின்றால் முதலில் மீட்டரை எடுத்து லைனைப் பார்ப்பேன். அன்று அதைச் செய்யவில்லை. "பனியில நிக்குது மாமா, பேட்டரி சில்லுனு இருக்குது, ஏறல. வெயில் வந்தா ஏறும்" என்றேன். வெயில் வந்தது. நான் மாமாவோடு தக்காளி மண்டிப் பக்கம் போய்விட்டு வந்து, சாப்பிட்டு, அக்காவோடு டீவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் இரண்டு தடவை போய் பிளக்கை ஆட்டிவிட்டு வந்தேன். அவ்வளவுதான். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமைதானே வேலைக்குப் போகவேண்டும்.

ஞாயிறு விடியும் நேரத்தில் மாமா எழுப்பினார்.

"மச்சான், எழுந்திரு. அவளுக்கு ஜொரம். ஒடம்பு தீயா சுடுது."

தெர்மாமீட்டர் நூற்றிரண்டைக் காட்டியது. அக்கா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். மருந்து ஏற்றிய பிறகு காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். "இப்பவே கூட்டிட்டு வாங்க" என்றார்கள். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். சிவப்பு விளக்கு. இருபத்தொன்று சதவிகிதம். முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடும் என்று காட்டியது. சித்தூரில் ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கும் இடம் நாற்பது கிலோமீட்டர்.

"பக்கத்து தெருவுல டாக்ஸி ஒண்ணு நிக்கும், கூப்டுகினு வரட்டா?" என்றார் மாமா.

"தேவையில்ல மாமா. மொகிலிக்கு அப்புறம் எறக்கம்தான். போயிடும்."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. இந்த வண்டியைப் பற்றி எல்லோரிடமும் பேசிய பேச்சு எனக்குள் இருந்தது. அவசரத்துக்கு அது உதவாது என்று மாமா முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அக்காவைப் பின் சீட்டில் படுக்கவைத்து இரண்டு கம்பளி போர்த்தினோம். மாமா அவள் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். கிளம்பியதும் பழக்கத்தில் ஹீட்டரைப் போட்டேன். முப்பத்திரண்டு இருபத்தாறானது. அணைத்துவிட்டேன்.

"அக்கா, சித்தூர் வரைக்கும் ஹீட்டர் இல்லாம தாங்கிப்பியா? அங்க போயி சார்ஜ் போட்டுகினு ஹீட்டரப் போட்டுட்றேன்."

"ம்" என்றாள்.

பனி மூடியிருந்தது. லாரிகளின் பின் விளக்கு மட்டும் தெரிந்தது. ஹீட்டர் இல்லாததால் உள்ளே கண்ணாடி மங்கியது. ஜன்னலை விரலளவு இறக்கினால்தான் எனக்குச் சாலை தெரியும். இறக்கினேன். அந்தக் காற்று பின்னால்தான் போயிருக்கும். நான் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், கண்ணை அந்த எண்ணின்மேல் வைத்து ஓட்டினேன். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. தூங்குகிறாள் என்று நினைத்தேன். மொகிலி இறக்கத்தில் எண் குறையாமல் நின்றது, பிறகு ஒன்றிரண்டு ஏறவும் செய்தது. "பாத்தீங்களா மாமா, ஏறுது" என்றுகூடச் சொன்னேன்.

பங்காருபாளையம் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிட்டது. சித்தூரில் சார்ஜரில் செருகிவிட்டுப் பின் கதவைத் திறந்தேன். அக்கா தூங்கவில்லை. இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டு, முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதோரம் காய்ந்திருந்தது. மாமா தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, அவள் பாதங்களைத் தன் வயிற்றோடு அணைத்து வைத்திருந்தார்.

"இன்னாக்கா, சொல்லக் கூடாதா?"

முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். பேச முயன்றாள். தொண்டை பிடித்துக்கொண்டிருந்தது. கையை மட்டும் ஆட்டினாள், ஒன்றுமில்லை என்பதுபோல.

டேஷ்போர்டில் ஒன்பது சதவிகிதம் மிச்சம் இருந்தது.

ஹீட்டரைப் போட்டேன். பத்து நிமிடம் சார்ஜ் ஏறுவதற்குள் அங்கேயே ஒரு டாக்ஸியை நிறுத்தி, அவர்களை அதில் அனுப்பிவிட்டு நான் பின்னால் போனேன். பலமநேரிலேயே செய்திருக்க வேண்டியதைச் சித்தூரில் செய்தேன்.

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்து, கிருமி ஏறியிருக்கிறது என்று சொல்லி எட்டு நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆனால் விரல் நுனிகள் மரத்துப்போனது போகவில்லை. அவளால் ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியவில்லை. தட்டிலிருந்து மாத்திரையை எடுக்க முடியவில்லை. நான் டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அன்று காலையில் குளிரில் கூட்டிவந்ததால் இப்படி ஆகிவிட்டதா?

"இல்ல, இந்த மருந்து நாலஞ்சு தடவ போனாலே நிறைய பேருக்கு வர்றதுதான். குளிர் பட்டா வலிக்கும், அதனாலேயே மரத்துப் போகாது" என்றார். நல்ல மனிதர். எனக்காகச் சொல்கிறாரோ என்று அன்றும் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

இதற்கு நடுவில் ஒரு நாள் நான் மட்டும் பலமநேர் போனேன். மெக்கானிக் போனில் சொல்லியிருந்தார். "குளுருக்கு சார்ஜ் மெதுவா ஏறும் சார், நடுவுல நின்னு சிவப்பு காட்டாது. அதுவும் பலமநேர் குளுருக்கு எதுவும் ஆகாது. வீட்ல எர்த் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. மாமா வீட்டு பிளக்கில் ஒரு பல்பை வைத்துச் சோதித்தேன். கரண்ட் வரும் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பை வைத்தால் பளிச்சென்று எரிய வேண்டும். கண் மூடப்போகிறவன் மாதிரி மங்கலாகச் சிவந்தது. வீட்டின் பின்னால் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் எர்த் குழியைத் தோண்டினேன். குழாயோடு சேரும் இடத்தில் செம்புக் கம்பி பச்சை பூத்து ஒரு இழையில் தொங்கியது. மண் புழுதியாகக் காய்ந்து கிடந்தது. கார்த்திகையில் மழை ஈரம் இருந்தவரை அந்த ஒரு இழையே போதுமாக இருந்திருக்கிறது. தை பிறந்து ஈரம் போனதும் சார்ஜர் எர்த் இல்லையென்று சிவப்பு காட்டி நின்றிருக்கிறது. குளிருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. புதுக் கம்பி போட்டு, கரியும் உப்பும் கொட்டி, நான்கு குடம் தண்ணீர் ஊற்றினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. வேலை மொத்தம் ஒன்றரை மணி நேரம். சனிக்கிழமை முழுக்க எனக்கு நேரம் இருந்தது.

அந்தக் குழிப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கணக்குப் போட்டேன். ஒரு மணி நேரத்துக்கு ஹீட்டர் எவ்வளவு இழுக்கும், அன்று எவ்வளவு மிச்சம் இருந்தது. ஹீட்டரைப் போட்டுக்கொண்டே வந்திருந்தாலும் சித்தூர் வந்து சேர்ந்திருப்போம்.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அதை அவளிடம் சொல்லிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"ஹீட்டர் போட்டிருக்கலாம்க்கா. கணக்கு போட்டுப் பாத்தேன். வண்டி வந்து சேந்திருக்கும்."

அவள் வாயிலிருந்ததை மென்று முடித்தாள்.

"போடச் சொல்லி நான் கேட்டிருக்கலாம்" என்றாள் பிறகு. "நீ பயந்துகினே ஓட்டிகினு இருந்த. கண்ணாடியில உன் மூஞ்சி தெரிஞ்சிது. கேட்டா இன்னும் பயந்துக்குவன்னு விட்டுட்டேன்."

"டாக்ஸி வெச்சிருக்கணும்."

"ஆமா, வெச்சிருக்கணும்" என்றாள். பரவாயில்லை என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "இன்னொரு இட்லி துன்றேன், குடு" என்று கையை நீட்டி, மரத்த விரல்களால் தானே எடுக்கப் பார்த்தாள்.

அதன் பிறகு நான் அந்த வண்டியைப் பாடம் மாதிரிப் படித்தேன். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு, சார்ஜரைக் கழற்றாமலே ஹீட்டரைப் போட்டு உள்ளே சூடாக்கிவிடுவேன். அப்போது அந்தக் கரண்ட் வீட்டிலிருந்துதான் போகும், பேட்டரி குறையாது. பனிக்காலத்தில் டயரில் காற்று இறங்கிவிடுவதால் அதையும் முந்தின நாளே பார்ப்பேன். அவள் மடிக்கும் காலடிக்கும் வெந்நீர்ப் பை. கண்ணாடி மங்காமல் இருக்க உள்பக்கம் துடைத்துக் காயவைப்பேன். சார்ஜ் நூறுக்குப் போகாமல் தொண்ணூறில் நிறுத்தினால் மொகிலி இறக்கத்தில் வண்டி நன்றாகப் பிடித்தது. ஐந்தாவது தடவையும் ஆறாவது தடவையும் வண்டிக்குள் அவள் கம்பளியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். திருப்பதி போய்ச் சேர்ந்தபோது பாதிக்குக் கொஞ்சம் கீழேதான் சார்ஜ் இறங்கியிருக்கும். ஒரு குறையும் இல்லை.

ஆறாவது முடிந்ததும் ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலுக்குப் போய்விட்டது. இந்த மருந்து வேலை செய்யவில்லை, வேறு ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் உடம்பு தாங்காது என்றார் டாக்டர். அக்கா தெலுங்கில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வீட்டுக்குப் போகலாமா என்று. போகலாம் என்றார்.

மாசி முடிந்து வெயில் ஏறிவிட்டிருந்தது. மதியத்தில் கிளம்பினோம். சித்தூருக்குள் வந்ததும் அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ரோட்டோரத்தில் கரும்பு ஜூஸ் வண்டி.

"ஐஸ் போட்டு வாங்கியாடா."

"ஐஸ் வேணாம்க்கா, விரல் குத்தும்."

"குத்தட்டும். மருந்துதான் நிறுத்திட்டாங்களே. எனுக்கு தாகமா இருக்குது."

வாங்கிவந்தேன். கண்ணாடி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். வலிக்கிறதோ என்று நான் டம்ளரை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, ஐஸ் துண்டு வரைக்கும் குடித்து முடித்தாள். "நாலு மாசமாச்சுடா சில்லுனு குடிச்சு" என்றாள். மாமா சாலையின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். வீடு வரைக்கும் ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லி, முகத்தைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டே வந்தாள்.

வைகாசியில் போனாள். பகல் நேரம். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அங்கன்வாடிப் பிள்ளைகளை அவர்கள் அம்மாக்கள் கூட்டிவந்திருந்தார்கள். என்ன நடந்தது என்று தெரியாமல் அதுகள் வாசலில் வரிசையாக நின்றன, டீச்சர் கற்றுக்கொடுத்தபடி.

மாமா தனியாகத்தான் இருக்கிறார். எங்களோடு வந்துவிடுங்கள் என்றேன், திருப்பதி சூடு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டார். பனிக்காலம் திரும்ப வந்ததிலிருந்து சில நாட்கள் விடிகிற நேரத்தில் எனக்கு போன் செய்கிறார். சொல்வதற்கு அவரிடம் பெரிதாக ஒன்றும் இருக்காது.

"இன்னிக்கு பனி ஜாஸ்தி மச்சான். எதுர்வூடே தெரியல."

"சால்வ போட்டுக்கோங்க மாமா."

"போட்டுகினுதான் இருக்கேன்" என்பார். அதன் பிறகும் போனை வைக்கமாட்டார். நானும் வைக்கமாட்டேன். அவர் வீட்டுப் பக்கம் ஒரு பால் வண்டி போகும் சத்தம் கேட்கும்.